சில்லிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டவர்களுக்கு

டெக்சஸில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் அக்டோபரில் ஒரு மின்னஞ்சல் வரும். சில்லி சமையல் போட்டி, மேலாளர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று இருக்கும். படித்த கையோடு பெயரைக் கொடுத்துவிடுவீர்கள். மிளகாய்தானே, இவர்களா நமக்குச் சொல்லித் தருவது என்ற நினைப்பு. மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு தயிர்ச்சாதம் தின்று வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று மனைவியிடமும் சவடால் விட்டுவிடுவீர்கள். இந்தக் கையேடு அதற்கு அடுத்த நாள் காலையில், மின்னஞ்சலின் கடைசி வரியைக் கவனித்த பிறகு படிக்க வேண்டியது. கடைசி வரி: 'உங்கள் சில்லிக்குப் பொருத்தமான ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலும் கொண்டுவரவும்.'

எழுதுகிறவனின் தகுதியைக் கேட்பீர்கள். ஆஸ்டின் பக்கம் எட்டு வருட வாசம், ஐந்து போட்டிகள், ஒரு ஸ்டிக்கர். மாட்டுக்கறி புழங்காத வீட்டார் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடலாம், மனவருத்தம் இல்லை. கறியை எடுத்துவிட்டு மீதியைச் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். செய்யலாம். அதற்கு டெக்சஸில் மிளகாய்ச் சட்னி என்று பெயர்.

முதலில் மறக்க வேண்டியது

'சில்லி' என்றதும் ராத்திரிப் பரோட்டாக் கடையும், சோயா சாஸ் விட்டுக் குடமிளகாயோடு புரட்டிய சில்லி பீஃபும் கண்ணில் வந்தால் அதைத் துடைத்துவிடுங்கள். இங்கே சில்லி என்பது மாட்டுக்கறியை மிளகாய் விழுதில் மணிக்கணக்காக வேகவிட்டுச் சுண்டவைத்த கெட்டிக் குழம்பு. முழுப்பெயர் சில்லி கான் கார்னே. ஸ்பானிய மொழியில் 'கறி சேர்த்த மிளகாய்' என்று அர்த்தம். பெயரிலேயே மிளகாய்தான் மாப்பிள்ளை, கறி மாப்பிள்ளைத் தோழன். 1977-இல் டெக்சஸ் சட்டமன்றம் தீர்மானம் போட்டு இதை மாநிலத்தின் உணவு என்று அறிவித்தது. நம் ஊரில் மீன்குழம்புக்கு இப்படி ஒரு தீர்மானம் கொண்டுவந்தால் நாகர்கோவிலுக்கும் ராமநாதபுரத்துக்கும் அடிதடியாகிவிடும்.

முதல் வருடம் நான் எனக்குத் தெரிந்த கறியை வைத்தேன். நாகர்கோவிலில் கிறிஸ்துமஸ் காலையில் ஆப்பத்துக்கு வைக்கிற மாட்டுக்கறி. தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறிப் போட்டு, கறிவேப்பிலையை உருவிப் போட்டு, பட்டை கிராம்பு வறுத்துப் பொடித்து, கல்யாண வீட்டுக்குச் சமைப்பதுபோல் சமைத்தேன். நடுவராக வந்தவர் ஒரு கரண்டி வாயில் வைத்து, கொஞ்ச நேரம் மேலே பார்த்து, 'இன்ட்ரஸ்டிங்' என்றார். அமெரிக்கர் சாப்பாட்டைப் பற்றி இன்ட்ரஸ்டிங் என்றால், நம் ஊரில் 'பசிக்குச் சாப்பிடலாம்' என்பதற்கு இரண்டு படி கீழே. 'மிகவும் புதுமையான சில்லி' என்று அச்சடித்த ஒரு ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டி அனுப்பினார்கள். வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். "தேங்கா கொஞ்சம் கூடப் போட்டிருக்கணும் மக்களே" என்றாள்.

பீன்ஸ்

பீன்ஸ் போடலாமா என்ற கேள்வியை டெக்சஸில் வாய்விட்டுக் கேட்காதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்கூடச் சிரித்து மழுப்புவார்கள், இதற்குச் சிரிக்க மாட்டார்கள். ராஜ்மா மாதிரியான சிவப்பு பீன்ஸையோ பிண்டோ பீன்ஸையோ சில்லியில் போடுவது வடக்கே மற்ற மாநிலங்களில் சாதாரணம். சின்சினாட்டியில் பட்டையும் கிராம்பும் போட்டுச் சமைத்த சில்லியை ஸ்பகெட்டி மேல் ஊற்றி, அதன் மேல் சீஸ் மலையையும் கொட்டிச் சாப்பிடுகிறார்கள். டெக்சஸ்காரர் முன்னால் சின்சினாட்டி என்ற பெயரையே எடுக்காமல் இருப்பது உசிதம்.

சண்டை எவ்வளவு பழையது என்று தெரிந்துகொண்டால்தான் அதில் தலையிடாமல் இருக்க முடியும். 1967-இல் எச். ஆலன் ஸ்மித் என்ற நியூயார்க் நகைச்சுவை எழுத்தாளர், சில்லியைப் பற்றி என்னைவிட விஷயம் தெரிந்தவர் யாரும் இல்லை என்று 'ஹாலிடே' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். கூடவே பீன்ஸ் போட்ட செய்முறையும் கொடுத்தார். டெக்சஸ் கொதித்துப் போனது. டாலஸ் பத்திரிகையாளர் ஃபிராங்க் டோல்பர்ட்டும் கூட்டாளிகளும் சேர்ந்து, விக் ஃபவுலர் என்ற இன்னொரு பத்திரிகைக்காரரை ஸ்மித்துக்கு எதிராகக் களத்தில் இறக்கினார்கள். களம், மெக்சிகோ எல்லையோரத்து டெர்லிங்குவா. பாதரசச் சுரங்கம் மூடியபிறகு ஆள் நடமாட்டம் அற்றுப்போன பாலைவன ஊர். மூன்று நடுவர்கள். முதல் இருவர் ஆளுக்கு ஒரு பக்கம் ஓட்டுப் போட்டார்கள். மூன்றாமவர் ஒரு வாய் வைத்தார், துப்பினார், என் நாக்கு வேலை செய்யவில்லை, போட்டி சமன் என்று அறிவித்துவிட்டார். நாட்டாமைத் தீர்ப்புகளில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் போட்டி நிலைத்துவிட்டது. வருடாவருடம் நவம்பர் முதல் சனிக்கிழமையை ஒட்டி டெர்லிங்குவாவில் கூட்டம் கூடுகிறது. போட்டி இப்போது ஒன்றில்லை, இரண்டு. நடுவில் சண்டை வந்து பிரிந்துவிட்டார்கள். ஒரே ஊரில் இரண்டு தமிழ்ச் சங்கம் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பிரிந்ததில் ஒரு தரப்பின் விதிப்படி பீன்ஸ், மக்ரோனி, அரிசி எதுவும் சட்டிக்குள் விழக் கூடாது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வீட்டுச் சில்லியிலும் பீன்ஸ் கிடையாது. செய்முறை கேட்டுக் கடிதங்கள் குவிந்ததால் அவர் மனைவி லேடி பேர்ட் அதை அட்டையில் அச்சடித்தே வைத்திருந்தார். நாலு பவுண்டு கறிக்கு ஆறு டீஸ்பூன் சில்லி பவுடர். நம் வீடுகளில் பிள்ளைக்குச் சோறு பிசைகிற காரம்.

இத்தனைக்கும் இந்தச் சாப்பாட்டை ஊரறியச் செய்தவர்கள் சான் அன்டோனியோவின் 'சில்லி ராணிகள்'. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிலிட்டரி பிளாசா சதுக்கத்தில் பொழுது சாய்ந்ததும் மேசை போட்டு, விளக்கேற்றி, கட்டையடுப்பில் சட்டியை வைத்து விற்ற மெக்சிக வம்சாவளிப் பெண்கள். அவர்கள் தட்டில் சில்லிக்குப் பக்கத்தில் பீன்ஸும் டோர்ட்டியாவும் இருந்தன. பக்கத்தில்தானே இருந்தது, உள்ளேயா இருந்தது என்று டெக்சஸ்காரர் வாதம் பண்ணுவார். சோற்றுக்குப் பக்கத்தில் வைத்த பருப்பு எத்தனை நேரம் பக்கத்திலேயே இருக்கும் என்று நமக்குத் தெரியும். 1930-களில் சுகாதார விதிகளைக் காட்டி நகராட்சி அந்தப் பெண்களைச் சதுக்கங்களிலிருந்து கிளப்பிவிட்டது. சமைத்தவர்களை விரட்டிவிட்டுச் சமையலுக்குச் சட்டமன்றத்தில் மரியாதை செய்ய ஏறக்குறைய 40 வருடம் பிடித்திருக்கிறது.

ஆகவே பீன்ஸ் போடாதீர்கள். போட்டே தீருவேன் என்றால் காலி டப்பாவைக் குப்பைக்கூடையின் அடியில் தள்ளி, மேலே வெங்காயத் தோலைப் போட்டு மூடிவிடுங்கள்.

மிளகாய்

கடையில் 'சில்லி பவுடர்' என்று சீசாவில் இருப்பது நம் மிளகாய்ப் பொடி அல்ல. மிளகாயோடு சீரகம், ஆரிகனோ, பூண்டுப் பொடி எல்லாம் கலந்த தயார் மசாலா. நியூ பிரான்ஃபெல்ஸில் குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890-களில் இந்த வியாபாரத்தைத் தொடங்கினார். இந்த விவரம் தெரியாமல், செய்முறையில் கால் கப் சில்லி பவுடர் என்று போட்டிருந்ததை நம்பி, இந்தியன் ஸ்டோர் குண்டூர் மிளகாய்ப் பொடியைக் கால் கப் போட்ட ஒரு நண்பர் எனக்கு உண்டு. அவர் வீட்டுச் சில்லியை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

பொடியை விடுங்கள், முழு வத்தலாக வாங்குங்கள். மெக்சிகச் சாமான்கள் இருக்கிற வரிசையில் பை பையாகத் தொங்கும். ஆன்சோ என்பது பொப்லானோ மிளகாயைப் பழுக்கவிட்டு உலர்த்தியது. அகலமாக, சுருங்கி, பழைய செருப்புத் தோல் நிறத்தில் இருக்கும். மோந்து பார்த்தால் காரமே தெரியாது, உலர்ந்த திராட்சையும் பழம்புளியும் சேர்ந்த வாசனை வரும். குவாஹியோ வழவழப்பாக, நம் காஷ்மீரி மிளகாய் மாதிரி நிறத்துக்கு. ஆர்போல் சின்னது, ஒல்லி, அதுதான் காரம். நாலு பவுண்டு கறிக்கு, அதாவது 1.8 கிலோவுக்கு, ஆன்சோ ஆறு, குவாஹியோ நாலு, ஆர்போல் இரண்டு. எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும்.

காம்பையும் விதையையும் எடுத்துவிட்டு, வெறும் கல்லில் ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். வாசனை எழும்பியதும் எடுத்துவிட வேண்டும், கறுத்தால் கசக்கும். நான் ஆர்போலைக் கல்லில் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். அரை நிமிடத்தில் மனைவி இருமினாள், ஒரு நிமிடத்தில் புகை அலாரம் கத்தியது, துண்டை விசிறி அதை அடக்குவதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றார். எழுபது தாண்டியவர், பிறந்ததிலிருந்து டெக்சஸை விட்டு வெளியே குடியிருந்ததில்லை. தீ பிடித்ததா என்று கேட்பார் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சி, "ஆர்போலா? கருக்கிட்டியே" என்றார். உள்ளே வந்து கல்லைக் கழுவிவிட்டு மறுபடி வறுக்கச் சொல்லிக் கொடுத்தார். மிளகாயில் இவர்களுக்கு என்ன தெரியும் என்று நான் பேசியது எல்லாம் அத்தோடு சரி.

வறுத்ததை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, மிக்ஸியில் மைய அரைக்க வேண்டும். அது ஊறும் நேரத்தில் நம் கர்வத்தையும் கொஞ்சம் ஊறப்போடலாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 'சில்லி' என்ற சொல்லே மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து கிளம்பியது. போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்தபோது அதற்கு நம்மிடம் பெயர்கூட இல்லை. மிளகு மாதிரிக் காரமாக ஒரு காய், மிளகாய் என்று வைத்துக்கொண்டோம். எங்கள் குமரிப் பக்கத்தில் இன்னும் மோசம். வந்தவனே மிளகு என்ற பெயரைப் பிடித்துக்கொண்டதால், காலங்காலமாக மிளகாக இருந்தது 'நல்லமிளகு' என்று அடைமொழி போட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. மெக்சிகோவுக்கு அடுத்த வீட்டில் வந்து நின்றுகொண்டு மிளகாய் எங்கள் சொத்து என்று நாம் பேசுகிறோம்.

கறி

தோள்பட்டைக் கறி கேளுங்கள், இங்கே 'சக்' என்பார்கள். டெக்சஸ் கடைகளில் 'சில்லி கிரைண்ட்' என்று பெரிய கண் சல்லடையில் அரைத்தும் விற்பார்கள். அது மோசமில்லை. ஆனால் அரை அங்குலத் துண்டாகக் கையால் வெட்டிப் போட்டதற்கு ஈடாகாது. கொத்துக்கறி மாதிரி நைசாக அரைத்தது வேண்டவே வேண்டாம், மூன்று மணி நேரத்தில் மணல்மணலாகிவிடும்.

நம் கை பழகிய வழி, கறி மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டி, மூடி, அது விடுகிற தண்ணீரிலேயே வேகவிடுவது. இங்கே அது ஆகாது. துண்டுகளைத் துணியால் ஈரம் போக ஒற்றி, அடிகனத்த இரும்புச் சட்டியில் எண்ணெய் புகையும் பதத்தில், மூன்று தவணையாக வறுக்க வேண்டும். கண்ணைவிடக் காதை நம்புங்கள். போட்டதிலிருந்து எடுக்கும்வரை 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் அறுபடாமல் வர வேண்டும். அது அடங்கிக் குளக்குளக்கென்று கேட்டால் சட்டியில் ஆள் அதிகம், பாதியை வெளியே எடுங்கள். அடியில் பழுப்பாகப் பிடித்திருப்பதைச் சுரண்டித் தேய்க்கத் தோன்றும். அதில்தான் முழு ருசியும் இருக்கிறது. அரைக் கோப்பை ஒயின் விட்டால் தானாகக் கழன்று வரும்.

குக்கர் வைக்கலாமா? கறி வெந்துவிடும், ஆனால் மூடியிருப்பதால் குழம்பு சுண்டாது. சில்லியில் பாதி வேலை சுண்டுவதுதான்.

மீதி எல்லாம் நமக்குக் கைவந்த வேலை. பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு ஆறு பல், வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு மேசைக்கரண்டி, ஆரிகனோ இரண்டு டீஸ்பூன், மிளகாய் விழுது, கறி மூழ்கத் தண்ணீர், உப்பு. சிறுதீயில் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி. கடைசியில் மக்காச்சோள மாவு இரண்டு கரண்டி கரைத்துவிட்டால் கெட்டிப்படும். மாசா என்று கேட்டு வாங்குங்கள், வெள்ளை கார்ன்ஃப்ளாரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். தக்காளி போடுவதா என்பது இன்னொரு சண்டை. ஜான்சன் வீட்டில் போட்டார்கள், நானும் கொஞ்சம் போடுகிறேன், வெளியே சொல்வதில்லை. கறிவேப்பிலையிடம் கை போகும். அடக்குங்கள்.

ஒயின்

எங்கள் மேலாளர் கலிஃபோர்னியாவிலிருந்து குடிபெயர்ந்தவர். ஆஸ்டினில் இப்போது கல்லை விட்டெறிந்தால் அப்படி ஒருவர் மேல்தான் விழும். சில்லிக்குச் சிவப்பு ஒயின் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். உள்ளூர்க்காரர்கள் பீர்தான் குடிக்கிறார்கள், அவர்கள் வழி தப்பில்லை. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. கொழுப்பிலும் சாராயத்திலும் கரையும். அப்படியானால் ஒயின் காரத்தைக் கழுவிவிடுமே என்று கணக்குப் போடாதீர்கள். 14 சதவீதச் சாராயம் கழுவப் போதாது, நாக்கை எரிக்க மட்டும் போதும்.

இன்னொரு வில்லன் டானின். ஒயின் புத்தகங்கள் அதை விளக்கப் பக்கம் பக்கமாகச் சிரமப்படுகின்றன. நமக்குத் துவர்ப்பு என்ற ஒரு சொல் போதும். நாவல்பழம் தின்றதும் நாக்கு மரத்து வாய் வறளுமே, அதேதான். காரத்தோடு துவர்ப்பு சேர்ந்தால் எரிச்சல் இரட்டிக்கும். ஆகையால் கடைக்காரர் பெருமையாக எடுத்து நீட்டுகிற கனத்த காபர்னே சாவிஞோனை மரியாதையாகத் திருப்பி வைத்துவிடுங்கள். பழச்சுவை தூக்கலாக, துவர்ப்புக் குறைவாக உள்ளதைத் தேடுங்கள். கலிஃபோர்னியாவின் லோடைப் பக்கத்து ஜின்ஃபண்டெல், அர்ஜென்டினாவின் மால்பெக், ஸ்பெயினின் கர்னாச்சா. உள்ளூர்ப் பாசம் காட்ட வேண்டுமென்றால் லப்பக் பக்கத்து மேட்டு நிலத்தில் விளைகிற டெம்ப்ரனியோ. எதுவானாலும் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக் கூடாது என்பவர்கள் டெக்சஸின் வெயிலில் குடித்துப் பார்த்ததில்லை. சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் விற்க மாட்டார்கள்.

பிரெஞ்சு பாட்டில்தான் கையில் கிடைத்தது, அதற்கு யாராவது முகத்தைச் சுளிக்கிறார்கள் என்றால் இதைச் சொல்லுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, பூச்சி தாங்கும் வேர்க்கட்டைகளைத் தேடிக் கொடுத்தவர்களில் ஒருவர் டெக்சஸின் டெனிசன் நகரத்துக்காரர் டி. வி. மன்சன். டெக்சஸின் காட்டுத் திராட்சை வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டினார்கள். 1888-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருது கொடுத்தது. மேலே என்ன லேபிள் ஒட்டியிருந்தாலும் கீழே வேர் எங்கள் ஊர் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் மார்தட்டுவார். குடிப்பது மட்டும் பீர்.

பரிமாறுதல்

போட்டி சனிக்கிழமை என்றால் வெள்ளி இரவே சமைத்துவிடுங்கள். மீன்குழம்பு மாதிரி இதுவும் மறுநாள்தான் சேரும். மேலே மிதந்து உறைந்த கொழுப்பைப் பாதி எடுத்துவிட்டுச் சூடாக்குங்கள். தொட்டுக்கொள்ள உப்பு பிஸ்கட், பொடியாக நறுக்கிய வெங்காயம், துருவிய செடார். சோள சிப்ஸ் பொட்டலத்தை வயிற்றுப் பக்கம் கிழித்து அதற்குள்ளேயே சில்லியை ஊற்றித் தருவதற்கு ஃப்ரிட்டோ பை என்று பெயர். பார்க்கச் சகிக்காது, தின்றால் நிறுத்த முடியாது. நடுவர் முன்னால் சோறு வைக்காதீர்கள். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, சூடான சோற்றில் பிசைந்து சாப்பிடுவதை எந்தச் சங்கத்தின் விதியும் தடுக்கவில்லை.

சென்ற நவம்பரில் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வேலிக்கு மேலாக ஒரு கிண்ணத்தைப் பெரியவரிடம் நீட்டினேன். பேசாமல் தின்றார், கிண்ணத்தைத் திரும்ப நீட்டினார், இன்னொரு தடவை ஊற்றினேன். மறுநாள் மேலாளர் என் ஜின்ஃபண்டெலை மூன்று கோப்பை குடித்துவிட்டு, இதைத்தான் நான் இத்தனை நாளாகச் சொன்னேன் என்றார். முதல் பரிசு கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்மணிக்குப் போனது. அவர் சில்லியில் பீன்ஸ் இருந்தது, கரண்டிக்குப் பத்து என்ற கணக்கில். அவர் பிறந்து வளர்ந்தது, பாட்டி காலத்திலிருந்து குடியிருப்பது, எல்லாம் சான் அன்டோனியோவில்.